அம்மன் சிவப்புப் பூ கொடுத்த வெள்ளிக்கிழமை

தினமும் காலையில் சாமி விளக்கை ஏற்றிவிட்டு நான் கேட்பது ஒன்றுதான்: இன்றைக்கு ஒரு பக்கம். போன திங்களன்று கிடைத்தது நான்கு வரி. அதில் இரண்டைச் செவ்வாயன்று அடித்துவிட்டேன். ஐந்து மாதமாக என் நாவல் பன்னிரண்டாம் அத்தியாயத்திலேயே குந்திக்கொண்டிருக்கிறது. ரப்பர் பால்மரத் தோட்டத்தில் வேலை செய்யும் என் கதாநாயகியை அங்கே சாகடிப்பதா, வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

சாகடிப்பதற்கான ஏற்பாடுகள் மட்டும் பிரமாதமாக நடந்தன. புதன்கிழமை முழுவதும் ஈப்போ நூலகத்தில் பாம்புகளைப் பற்றிப் படித்தேன். நாகமா, கட்டுவிரியனா என்று முடிவெடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து, நாகம் எப்படிச் சீறும் என்று கணவருக்கு நடித்துக் காட்டினேன். அவர் மீ கோரேங் நூடுல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை பழைய தோட்டங்களைப் பற்றிய மூன்று புத்தகங்களை மேய்ந்தேன். எழுதியது ஒரு வரி. நான் தோட்டத்தில் பிறந்தவள் இல்லை. அப்பா ரயில்வே குமாஸ்தா, நான் வளர்ந்தது ஈப்போ குவார்ட்டர்ஸில். எதையாவது தப்பாக எழுதிவிடுவேனோ என்ற பயம் எப்போதும் உண்டு. புத்தகம் படித்தால் அது கொஞ்சம் அடங்கும்.

வெள்ளிக்கிழமை கோலா கங்சார் பக்கம் ஒரு பழைய தோட்டத்துக்குப் போனேன். பால்மரம் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்துவிட்டது, வீடுகளும் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒரு காலத்தில் அங்கேயே பால் வெட்டியவர். இப்போது ஈப்போவில் ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை, வெள்ளிக்கிழமை லீவு. இரண்டு வருஷமாக எனக்குப் பழக்கம்.

"அக்கா, பூக்கட்டிப் பாக்கணும்," என்றேன்.

"யாருக்கு?"

"ஒரு பொண்ணுக்கு. என் கதையில வர்றவ. சாகணுமா, இருக்கணுமான்னு தெரியல."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவே இல்லை. சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனியே வெற்றிலையில் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைத்தார். சிவப்பு என்றால் சாவு, வெள்ளை என்றால் உயிர். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பிரித்தால் சிவப்பு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து மாதக் குழப்பம் தீர்ந்தது, அதுவும் அம்மன் வாக்கு! படித்து வைத்த நாகமும் வீணாகாது. கோயில் வாசலிலேயே ஒரு குதி குதித்தேன்.

அக்கா பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப சாகுறா?"

"காலையில, பால் வெட்டும்போது. பாம்பு கடிச்சு."

"பிள்ள இருக்கா?"

"ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. ஆயாக்கொட்டாயில விட்டுட்டுத்தான் வேலைக்குப் போவா."

"அப்ப மத்தியானம் அந்தப் பிள்ளைய யாரு கூட்டியாருவா?"

தாய்மார் வேலை முடித்து வரும் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைதான் ஆயாக்கொட்டாய். நான்காம் அத்தியாயத்தில் குழந்தையை அங்கே இறக்கிவிட்ட நான், அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாம்பின் பல்லைப் பற்றி இரண்டு பக்கம் குறிப்பு எடுத்த எனக்குப் பிள்ளை மறந்துபோயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. தாயைக் கொல்வது எனக்குச் சுலபம். அதனால்தான் கொல்லப் பார்த்தேன்.

"ஆனா அம்மன் சிவப்பு குடுத்துட்டாளேக்கா."

"நீ பிள்ளையப் பத்திச் சொல்லாம கேட்டலா! அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ போய் அவளப் பிள்ளையக் கூட்டியாரச் சொல்லு."

திரும்பும் வழியெல்லாம் காரில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற மோட்டார்சைக்கிள்காரர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

சனிக்கிழமை விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். கதையில் அவள் பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். தலைத்துண்டை உதறினாள். நடந்தாள். பொழுது சாய்வதற்குள் எட்டு வரி. எனக்கு அது பெரிய விளைச்சல்.

ஞாயிறு மத்தியானம் அக்கா போன் செய்தார்.

"கூட்டியாந்துட்டாளா?"

"இல்லக்கா, இன்னும் வழியிலதான் போய்க்கிட்டு இருக்கா. எட்டு வரிதான் ஆச்சு."

"ரெண்டு நாளாவா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "மத்த பிள்ளைங்கல்லாம் வீட்டுக்குப் போயிருக்கும். அது மட்டும் தனியா ஒக்காந்து அழும்லா. போன வச்சிட்டு எழுது!"