முப்பத்திரண்டு ஓசி நாவல்களும் ஒரு கம்பவுண்டரும்

பிரவுசிங் சென்டர் என்றால் கம்ப்யூட்டரோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும் என்று நினைத்துத்தான் காட்டுப்பாக்கத்தில் கடை போட்டேன். ஆனால் இந்தத் தொழிலில் பாதி வேலை, சர்வர் வரும்வரை காத்திருக்கிறவர்களைச் சமாளிப்பது. ஓசியில் நாவல் தேடி, கண்ட பட்டனையெல்லாம் அழுத்தி, கடைசியில் ரம்மி விளம்பரத்தில் போய் விழுந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் எல்லோரும் ஒரே சாதி. மேலே படியுங்கள்.

சர்வர் டவுன்

பூந்தமல்லி பஜாரில் லேஸ், ரிப்பன் கடை வைத்திருக்கும் ரஹ்மத் அக்கா ஒரு நாள் ஆதாரில் முகவரி மாற்ற வந்தார். சர்வர் படுத்துவிட்டது. அரை மணிக்கு ஒரு தரம் "ஆச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாயை அடைக்க எனக்கு ஒரு வழி தோன்றியது. பேர் வாங்கிய எழுத்தாளர்களே சில சமயம் தங்கள் மின்நூலை நாலைந்து நாளைக்குச் சும்மா கொடுப்பார்கள். விலை இருக்கும் இடத்தில் பூஜ்யம் என்று வரும். அப்படி ஒரு பேய் நாவலைத் தேடி அக்காவின் போனில் இறக்கிக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து சர்வர் வந்தது. அக்கா தலை நிமிரவில்லை. "அக்கா, வாங்க, ரேகை வைக்கணும்" என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். "கொஞ்சம் இரும்மா. கிணத்துலேர்ந்து ஒரு கை வெளிய வந்துடுச்சு. அது யாரோடதுன்னு பார்த்துட்டு வந்துர்றேன்."

பெரிய பட்டன், சின்னப் பட்டன்

அன்றிலிருந்து சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்: 'இன்று இலவசம்.' தினமும் காலையில் பூஜ்யம் விலை போட்ட நாவல்களைத் தேடி அதில் எழுதுவேன். கூட்டம் அமைதியானது. ஒரு சிக்கலை மட்டும் நான் யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இரண்டு பட்டன் இருக்கும். மேலே பெரிதாக, மஞ்சளாக, 'இலவசம்' என்று ஒன்று. அது மாதச் சந்தா. முப்பது நாள்தான் சும்மா, அதற்குப் பிறகு பணம் பிடிப்பார்கள். கீழே கண்ணுக்கே தெரியாமல் இருப்பதுதான் நிஜமான பூஜ்யம் விலை.

ரஹ்மத் அக்கா வீட்டில் தானே முயன்று பெரிய பட்டனை அழுத்திவிட்டார். அவர் வீட்டுக்காரர் கணக்கிலிருந்து பணம் போகப் போகிறது என்று குறுஞ்செய்தி வந்ததும் பதறி ஓடிவந்தார். நல்லவேளை, ஒரு நாள் மிச்சமிருந்தது. சந்தாவை ரத்து செய்து கொடுத்தேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பேய்க்கதையில கூட எனக்கு இவ்ளோ பயம் வரலம்மா."

தேசிங்கின் கோபம்

இந்தத் தலைவலியே வேண்டாமென்று நான் குறுக்கு வழியில் இறங்கினேன். நாவல்களை ஸ்கேன் எடுத்துப் பகிர்கிற போன் குழு ஒன்றில் சேர்ந்தேன். பட்டன் கிடையாது, சந்தா கிடையாது, பூஜ்யத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு காலத்தில் மாதம் ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருந்த ஒருவரின் புத்தகங்கள் மட்டும் முப்பத்திரண்டு கிடைத்தன. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று உங்களுக்கே புரியும். சுவரில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: '32 நாவல், எல்லாம் இலவசம்.' தப்பு என்று தெரியாமல் இல்லை. ஊரே செய்கிறது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கும் தேசிங்கு முப்பத்தொன்றைப் படித்து முடித்தான். முப்பத்திரண்டாவது 'மூன்றாம் ஷிப்ட்டில் மரணம்.' அதில் கடைசி நாலு பக்கம் இல்லை. ஸ்கேன் எடுத்தவன் கைக்கு வந்ததே கிழிந்த புத்தகம் போல. தேசிங்கு கடைக்குள் வந்து போனை மேஜையில் வைத்தான். "இன்னாக்கா இது? கொல பண்ணது யார்னே சொல்லாம உட்டாங்கோ. எனுக்கு அந்த கம்பவுண்டர் மேலதான் டவுட்டா கீது. கடசி பக்கத்த குடு, இல்லாங்காட்டி எனுக்கு வண்டி ஓடாது."

பென்ஷன் சார்

மூன்று மாதம் கழித்து, பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றிதழ் எடுக்க ஒரு பெரியவர் வந்தார். பாடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ரேகை வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்திரண்டும் உங்ககிட்ட இருக்காம்மா?"

"எல்லாமே இருக்கு சார்" என்றேன், ஏதோ நானே எழுதியது மாதிரி.

"'மூன்றாம் ஷிப்ட்டில் மரணம்'?"

"அதுவும் இருக்கு சார்."

"அது நான் எழுதினது. எல்லாமே நான் எழுதினதுதான். புனைபேர்ல" என்றார். நாளைக்கு வருகிறேன் என்று சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கடையால்தான். புகார் கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதான். என் கையெழுத்திலேயே சாட்சி சுவரில் தொங்குகிறது. தாளைக் கிழித்தேன். கிழித்த பிறகு இன்னும் வெட்கமாக இருந்தது. திருட்டை மறைக்கிறவள் வேறு ஆகிவிட்டேனே என்று அழுகையே வந்தது.

மறுநாள் சார் துணிப்பையோடு வந்தார். புகார்தான் என்று முடிவு கட்டினேன். உள்ளேயிருந்து வந்தது ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும். "அந்த நாவலை மட்டும் எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் குடும்மா. முடியாதுன்னா இங்கயே உக்காந்து பார்த்து எழுதிக்கிறேன். மத்ததெல்லாம் வீட்ல இருக்கு, இதுல மட்டும் எங்கிட்ட ஒரு காப்பி கூட இல்ல. பதிப்பகத்த மூடிட்டாங்க. மழை வெள்ளத்துல இது இருந்த பீரோவும் போச்சு."

கடைசி நாலு பக்கம் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். பரவாயில்லை, திரும்ப எழுதிக்கொள்கிறேன் என்றார். அப்போது உள்ளே வந்த தேசிங்கு, இவர்தான் அவர் என்று தெரிந்ததும் "சார், அந்தக் கொலய பண்ணது யாரு?" என்று பாய்ந்தான். சார் விழித்தார். "ஷிப்ட் முடிஞ்சு வந்து மாசத்துக்கு ஒண்ணு எழுதினேம்ப்பா. யார் யாரைக் கொன்னான்னு இப்ப எப்படி ஞாபகம் இருக்கும்? படிச்சுப் பார்த்துத்தான் நானும் கண்டுபிடிக்கணும்."

தேசிங்கு போனதும் நான் மன்னிப்புக் கேட்டேன். சார் பிரிண்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நீ திருடலைன்னா இது எனக்குக் கிடைச்சிருக்காது. அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. மத்த முப்பத்தொண்ணையும் என் கண் முன்னாடி அழி."

அழித்தேன்.

ஒன்றரை மணி

பத்து நாளில் புது முடிவு எழுதிக்கொண்டு வந்தார். முழு நாவலையும் என்னையே டைப் அடிக்கச் சொன்னார். அடித்து, அவர் கணக்கிலேயே மின்நூலாக ஏற்றினேன். முதல் ஐந்து நாள் இலவசமாக விடலாம் என்றதும் சார்தான். "யாருக்காவது இன்னும் என்னை ஞாபகம் இருக்கான்னு பார்க்கணும்" என்றார். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

புதுத் தாள் ஒட்டினேன்: 'இன்று இலவசம். ஆசிரியரே தருகிறார்.' காலை பத்து மணிக்கு சார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். ரஹ்மத் அக்கா பஜாரிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்தார். பக்கத்தைத் திறந்தால் விலை தொண்ணூற்றொன்பது ரூபாய். பதினொன்று, பன்னிரண்டு, அசையவே இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தேசிங்கு குத்தம்பாக்கம் பஸ் நிலையத்துக்குச் சவாரி போய்விட்டான். சார் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். ஒரே மனுஷரை இரண்டாம் முறையும் அவமானப்படுத்திவிட்டோமே என்று பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரியாக ஒன்றரைக்கு விலை பூஜ்யம் ஆனது. அந்த மின்நூல் கடைக்கு அமெரிக்காவில் பொழுது மாறினால்தான் தேதி மாறுமாம். அவர்கள் நடுராத்திரி நமக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். இத்தனை நாள் பூஜ்யம் ஆகிவிட்டதை மட்டுமே தேடியதால், எப்போது ஆகிறது என்று நான் கவனித்ததே இல்லை. ரஹ்மத் அக்காவுக்கும் பஜாருக்கும் போன் போட்டேன். "சின்னப் பட்டன், அக்கா! சின்னப் பட்டன்!" என்று கத்தினேன். சாயங்காலத்துக்குள் முன்பின் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் இறக்கியிருந்தார்கள். எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு தேசிங்கு திரும்பி வந்து, ஸ்டாண்டில் ஆட்டோவின் பின்சீட்டிலேயே உட்கார்ந்து அந்த நாலு பக்கத்தையும் படித்தான். சவாரி கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டான். நானும் சாரும் வாசலில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடித்துவிட்டு எழுந்து வந்தவன், சார் கையைப் பிடித்துக்கொண்டான். "கம்பவுண்டர் இல்லியா சார்! மூணு மாசமா அந்த மன்சன தப்பா நென்ச்சிகினு கீறேன். பாவம் சார் அவுரு, நல்லவேள காப்பாத்திட்ட."

முப்பத்திரண்டு நாவலில் எத்தனையோ குற்றவாளிகளை விடாமல் பிடித்துக் கொடுத்தவர், கையும் களவுமாக அகப்பட்ட என்னை மட்டும் டைப் அடிக்க வைத்ததோடு விட்டுவிட்டார்.