பூச்சுத் தூண்

ஹாதர்லி மாளிகையின் முகப்பில் நிற்கும் ஆறு தூண்களையும் செதுக்கியவர் ஈனாக் திரப்பர். நான்கு வருட உளி வேலை. உள்ளே பெருங்கூடத்தின் நான்கு தூண்களும் தனக்குத்தான் என்று நம்பி, குவாரியில் கல்லைக்கூடக் குறித்து வைத்திருந்தார். மாளிகைத் துரையோ அந்த வேலையை லண்டனிலிருந்து வந்த ஆம்புரோஸ் பெல்லிடம் கொடுத்துவிட்டார். மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் மாவையும் பசையையும் சாயத்தையும் பிசைந்து அப்பி, மெருகேற்றி, இத்தாலியப் பளிங்கு என்றே நம்ப வைப்பார் அந்த ஆள்.

கூடம் திறந்த அன்று சீமாட்டிகள் ஈனாக்கின் தூண்களை ஏறிட்டும் பார்க்காமல் உள்ளே போய், சிவப்புப் பளிங்கின் முன் வாய்பிளந்து நின்றார்கள்.

"கூலிதான் வந்தாச்சே, இன்னும் என்னங்க பொருமல்?" என்றாள் மனைவி டாபித்தா, ஆட்டுக்கறிக் கஞ்சியை ஊற்றியபடி.

"மாவு பிசையறவனுக்குத் துரை கைகுலுக்குறாரு."

"பொறாமைன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

"பொறாமை இல்லடி. அது தூணே இல்ல."

ஆம்புரோஸ் அந்த ஊரிலேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார். பதினோரு வருடம் ஈனாக் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேவாலயத்தில் அவர் உட்கார்ந்தால் இவர் இடம் மாறுவார்.

ஒரு வருடம் பனி உருகிக் கூரை ஒழுகியதில் கூடத்துத் தூண் ஒன்று உப்பி உதிர்ந்தது. ஆம்புரோஸுக்கோ அதற்குள் கை நடுக்கம். சாந்து அழுத்த முடியாது. "அதை மட்டும் கல்லுலயே பண்ணிடுப்பா" என்று துரையின் காரியஸ்தர் ஈனாக்கிடம் வந்தார். கோடை முழுக்க ஈனாக் செதுக்கினார். தூணை நிறுத்திய மறுநாள் காலை போய்ப் பார்த்தால், ஆம்புரோஸ் முக்காலியில் உட்கார்ந்து அதற்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

"என் கல்லு மேலயா?"

"துரை உத்தரவுண்ணே. மத்த மூணோட ஒத்துப்போகணுமாம்." ஆம்புரோஸ் திரும்பவில்லை. "மறைக்க எனக்கு மட்டும் ஆசையா? உங்க முகப்பைப் பாக்குறப்பல்லாம் வயிறு எரியும். மழையிலயும் பனியிலயும் அதுபாட்டுக்கு நிக்குது. என்னுது ஒரு ஒழுகலுக்குத் தாங்கல."

 தூரிகை தடுமாறுவதை ஈனாக் பார்த்தார்.

"ரேகை கோணுது. இங்க குடு."

மாலைவரை ஆம்புரோஸ் சொல்லச் சொல்ல, தன் கல்லில் தானே பளிங்கு ரேகை வரைந்தார். அடுத்த வாரம் வந்த பாதிரியார் ஒருவர் அந்தத் தூணைத் தடவி, "பெல்லோட கைவேலைன்னா இதுதான்" என்று மெச்சினார். பக்கத்தில் நின்ற ஈனாக்குக்கு அன்றும் பொறாமையாகத்தான் இருந்தது.