ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் விட்ட இன்டர்வெல்

வடக்கே செம்பூரில் ஒரு தியேட்டரில் நான் ஆபரேட்டர். அன்று காலைக் காட்சி. ஐம்பத்திரண்டாவது நிமிஷம் இன்டர்வெல் விழுந்து லைட் எரிந்தது. ஹாலில் ஒரே கத்தல். பாப்கார்ன் டப்பா ஒன்று கேபின் கண்ணாடியில் வந்து பட்டது.

ஜப்பான் கார்ட்டூன், ஹிந்தி டப்பிங். ஒரு பையனும் ஒரு இரும்புக் கழுகும் என்று இருபது வருஷம் முன்பு டிவியில் வந்த தொடர். இப்போது வந்த அதன் இரண்டாம் பாகத்தின் முதல் நாலு எபிசோடைச் சேர்த்துத் தியேட்டரில் விட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் முப்பது வயதுக்காரர்கள். ஆரம்பத்தில் இருந்தே நெளிந்தார்கள். பாதிப் பேர் போனை நோண்டினார்கள்.

வெளிநாட்டுப் படத்தில் இன்டர்வெல் இருக்காது. எங்கே நிறுத்துவது என்று ஆபரேட்டர்தான் கம்ப்யூட்டரில் க்யூ என்று ஒரு குறி வைக்க வேண்டும். மற்ற படம் என்றால் பார்த்துவிட்டு வைப்பேன். இது கார்ட்டூன்தானே என்று நீளத்தைப் பாதியாக்கி வைத்துவிட்டேன்.

கேபின் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் ஒரு பெண். “க்யா கியா அங்கிள் ஆப்னே?” என்ன காரியம் செய்தீர்கள் என்கிறாள்.

“எதுக்கு இப்படிக் கத்துதானுவ?” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“தமிழா அண்ணாச்சி? அப்ப தமிழ்லயே ஏசுதேன். நான் லேபர் கேம்ப், நம்மூர்க்காரங்க இருக்க இடம். படம் பூரா அவன் கழுகத் தொடவே மாட்டேங்கான். குரலும் வேற எவனோடதோ. பொறுத்துக்கிட்டு இருந்தோம். இப்பதான் ஏறி உக்காந்தான், பழைய பாட்டு ஆரம்பிக்கு, நீங்க லைட்டப் போட்டுட்டீங்க! உங்க கல்யாணத்துல தாலி கட்டுத நேரத்துல கரண்ட ஆஃப் பண்ணுனா சும்மா இருப்பீங்களா?”

“எங்க கல்யாணத்துல கரண்டே இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. “ரிவர்ஸ் போடுங்க.”

அதற்குள் மேனேஜர் வெங்கிட்டு சார் மூச்சு வாங்க ஏறி வந்தார். மாட்டுங்காத் தமிழர். “சுடலை, பின்னாடி தள்ளாதே. கம்ப்யூட்டர் லாக்ல பதிவாயிடும், ஹெட் ஆபீஸ்ல பாப்பா. ஆபரேட்டரே வேண்டாம், இங்கேருந்தே ஓட்டிக்கறோம்னு ஏற்கெனவே சொல்லிண்டிருக்கா. நீயே காரணம் எடுத்துக் குடுக்காதே.”

அவர் சொன்னது நிஜம். மூன்று ஆபரேட்டர் இருந்த இடத்தில் நான் ஒருவன்தான் மிச்சம்.

ஹாலை எட்டிப் பார்த்தேன். ஒருவரும் சமோசா வாங்கப் போகவில்லை. எல்லாரும் கேபினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நிமிஷம் பின்னால் தள்ளி ஓட்டினேன். வெங்கிட்டு சார் தலையில் கை வைத்தார்.

கழுகு எழும்பியது. பாட்டு வந்தது. ஹால் மொத்தமும் எழுந்து நின்று பாடியது. ஐம்பத்தாறாவது நிமிஷம் கழுகு மேகத்துக்குள் போக, திரை வெள்ளையானது. குறித்துக்கொண்டேன். மதியக் காட்சிக்கு க்யூவை அங்கே மாற்றினேன்.

வெளியே போகும்போது அந்தப் பெண்ணிடம் படம் எப்படி என்று கேட்டேன்.

“படம் சுமார்தான் அண்ணாச்சி. நாளைக்குத் தம்பியக் கூட்டிட்டு வாரேன்.”

சாயங்காலம் ஹெட் ஆபீஸில் இருந்து போன். “டெக்னிகல் ஃபால்ட்னு சொல்லிடு” என்று வெங்கிட்டு சார் கிசுகிசுத்தார். நான், படம் பார்க்காமல் வெட்டினேன், என் தப்பு, சரி செய்தேன் என்றேன். பிறகு அந்த ஆள் ஹிந்தியில் கேட்டான்: “எல்லா தியேட்டர்லயும் இதே சண்டை. எந்த நிமிஷத்தில் விட வேண்டும்?”

சொன்னேன். எழுதிக்கொண்டான். மெமோவும் அனுப்பினான். ஆனால் இன்னும் நான்தான் ஓட்டுகிறேன்.

புதிதாகக் கேபினுக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான். நமக்குப் பிடிக்காத படத்தையும் ஒரு தடவை முழுசாகப் பாருங்கள். அதற்காகக் காத்திருந்தவன் கீழே உட்கார்ந்திருக்கிறான்.