முருகன் காட்டிக்கொடுத்த வீக்கம்

பஜனைக்கு வரும் பிள்ளைகளே, என் இடது தாடையில் வீக்கம் வந்தபோது கொஞ்சம்கூட வலி இல்லை. அதனால்தான் மூன்று மாதம் மறைத்தேன்.

நான் ஓசூரில் வண்டிச் சாமான் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வீடு மத்திகிரியில். போன ஆடியில் ஷேவ் செய்யும்போது அது கையில் தட்டுப்பட்டது. கல் மாதிரி இருந்தது. புற்றுநோய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். டாக்டரும் அதையே சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மனைவி செல்வியிடம்கூடச் சொல்லாமல் தாடி வளர்த்தேன். முருகனுக்கு வேண்டுதல் என்று பொய் சொன்னேன். பொய் சொல்லிவிட்டு அவரிடமே போய் நின்றேன். "யாருக்கும் தெரியாம இதக் கரைச்சிடு முருகா." செவ்வாய்தோறும் கேட்டேன். கரையவில்லை. ஐப்பசியில் தாடியையும் மீறித் தெரிந்தது.

கம்பெனிக்குள் பாக்கு, புகையிலை போடக் கூடாது. கேட்டில் செக்யூரிட்டி சிவண்ணா பார்த்துத்தான் விடுவார். கன்னடக்காரர். ஒரு நாள் காலை ஷிப்டில் என்னை நிறுத்திவிட்டார்.

"என்னப்பா, உள்ள என்ன வெச்சிருக்கே?"

"ஒண்ணும் இல்லண்ணா."

"தினமும் ஒண்ணும் இல்லங்கறே. கன்னம் மட்டும் தினமும் பெருசாவுது?"

பின்னால் வரிசையில் ஒருவன், "மைசூர்பாகு வெச்சிருக்கான், பங்கு கேளுண்ணா!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிவண்ணா டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். வெளியே விரலால் அழுத்தினார். அவர் முகம் மாறியது.

"இது பாக்கு இல்லப்பா, எலும்பு வீங்கியிருக்குது. டாக்டர் சீட்டு இல்லாம நாளைக்கு இந்தப் பக்கம் வராதே."

எனக்கு அவமானமாக இருந்தது. உன்னை நம்பினேனே முருகா, இத்தனை பேர் முன்னால் இப்படிச் செய்துவிட்டாயே என்று கோபித்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் செல்வியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டே பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

தாடை முழுவதும் எக்ஸ்ரே எடுத்தார்கள். கடைசிக் கடைவாய்ப்பல் வெளியே முளைக்க முடியாமல் எலும்புக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. அதைச் சுற்றி ஒரு நீர்ப்பை வளர்ந்து எலும்பை அரித்திருந்தது.

டாக்டரம்மா சொன்னார், "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, சாப்பாட்டுல ஒரு கல்லக் கடிச்சாலே தாடை உடைஞ்சிருக்கும். வெறும் நீர்ப்பையா, கட்டியான்னு எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்."

ஆபரேஷனுக்கு முன் தாடியை எடுத்தார்கள். "முருகனுக்கு வேண்டுதலாமே?" என்றாள் செல்வி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றுதான் எதையும் மறைக்காமல் வேண்டினேன். "எது வந்தாலும் சரி, புள்ளைங்களோட இருக்க விடு முருகா."

பல்லையும் பையையும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கஞ்சிதான் குடித்தேன். பதினோராம் நாள் ரிப்போர்ட் வந்தது. புற்று இல்லை. நீர்ப்பைதான். செல்வி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கீழுதட்டில் ஓரமாக இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது. திரும்ப வருகிறதா என்று அவ்வப்போது எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், தவறாமல் போகிறேன். நான் கேட்டபடி முருகன் கரைக்கவில்லை. சிவண்ணாவின் கையால் என்னைப் பிடித்துக் கொடுத்தார். முருகனுக்குக் கோடி நன்றி.

பிள்ளைகளே, உடம்பில் புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால், வலிக்காவிட்டாலும், முருகனிடம் சொல்லுங்கள். அவர் கைவிட மாட்டார். சொல்லிவிட்டு வந்து வீட்டிலும் சொல்லுங்கள். நான் மூன்று மாதம் தனியாகப் பயந்தேன். நீங்கள் ஒரு நாள்கூட அப்படி இருக்க வேண்டாம்.