பெட்டை இல்லாத துக்கம்

போன வாரம் சங்கரன்கோவிலில் கோமதிநாயகம் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ரிட்டையர்டு ஆபீசர். மொட்டை மாடியில் கூண்டு கட்டி வெளிநாட்டுக் கிளி வளர்க்கிறார். பேத்தி பிறந்திருக்கிறாளே என்று ஸ்வீட் பாக்ஸோடு போனால்... மனிதர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி?"

"நாலும் ஆணாம் வே! ஒரு பெட்டைகூட இல்ல."

கிளிகளைச் சொல்கிறார். இந்த வகையில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரிதான். நெஞ்சிறகைப் பிடுங்கி கூரியரில் லேபுக்கு அனுப்பினால், டி.என்.ஏ. பார்த்து வாட்ஸ்அப்பில் ரிசல்ட் அனுப்புவார்கள். பெட்டை இல்லாமல் முட்டை ஏது, குஞ்சு ஏது? பாவம் என்றுதான் நினைத்தேன். காபி வரும்வரை!

காபி கொண்டுவந்தது மருமகள் செல்வி. பிள்ளைக்கு எப்போது பேர் வைக்கிறீர்கள் என்று அவளிடம் கேட்டேன். பதில் அண்ணாச்சியிடமிருந்து வந்தது.

"மூத்ததும் பொட்டப்புள்ள, இதுவும் பொட்டப்புள்ள. இதுக்கு என்ன விசேஷம் வேண்டிக் கெடக்கு?"

அவள் காதுபடவே சொல்கிறார். மாடியில் பெட்டை இல்லையே என்று ஒப்பாரி, கீழே பெண் பிறந்துவிட்டதே என்று ஒப்பாரி. அந்தப் பச்சைக் குழந்தைக்கு நாலு இறகு முளைத்திருந்தால் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பார்!

அதோடு விட்டாரா?

"குஞ்சு ஆணா பெண்ணான்னு முடிவு பண்ணுதது தாய்க்கிளிதானாம். லேப்காரனே சொன்னான். சயின்ஸே யாரைச் சொல்லுதுன்னு பாத்தீரா?" என்று மருமகளைச் சாடையாகப் பார்த்தார்.

செல்வி விலங்கியல் படித்தவள். டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கிளிக்குத்தான் மாமா அப்படி. மனுசங்களுக்கு ஆம்பளைதான். சந்தேகம்னா உங்க மகன்கிட்ட கேளுங்க."

அண்ணாச்சி டம்ளரை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம் ஆட்களுக்கு சயின்ஸ் என்றால் இதுதான். மருமகளைக் குத்த உதவுகிறவரை சயின்ஸ். தன் வீட்டு ஆம்பளையிடம் வந்து நின்றால்... அதிகப்பிரசங்கித்தனம்! பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிற விஷயம் சாமி இது. படித்து, ஆபீசராகி, பென்ஷனும் வாங்குகிற மனிதருக்குத் தெரியாதா? எனக்கு எரிச்சலாக வந்தது.

செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழம கரிவலம்வந்தநல்லூர்ல, எங்கம்மா வீட்டுல பேர் வைக்கோம்ணே. எங்க வீட்டுக்காரங்களும் லீவு சொல்லிட்டாங்க. நீங்க கண்டிப்பா வரணும்."

மாமனாரைக் கூப்பிடவில்லை. சரிதான்... கிளிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆண்பிள்ளை வேண்டாமா!