நாலாவது ரீலின் தலையில் விழுந்த பொட்டு

என் அக்கா சினிமா தியேட்டரில் ஆபரேட்டர். பேசும்போதுகூட நம் முகத்தைப் பார்க்க மாட்டாள். காதுக்கு மேலே எதையோ தேடுவாள். தொழில் புத்தி. ரீல் முடியப் போகும்போது திரையின் மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னும். அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும். இன்னொரு பொட்டு மின்னும். படத்தை அதற்கு மாற்ற வேண்டும். தவறினால் திரை வெள்ளை. முன் பெஞ்சில் விசில் பறக்கும். விசில் கோஷ்டிக்குத் தலைவன் நான்தான்.

போன வாரம் முதலாளி சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ வெள்ளையாச்சுன்னா வேற எடம் பாத்துக்கம்மா." எங்கள் வீட்டில் வேலைக்குப் போவது அவள் மட்டும்.

புதிதாக வந்த படத்தில் பொட்டுகள் தேய்ந்திருந்தன. அக்கா ஊசியால் சுரண்டிப் புதுப் பொட்டு வைத்தாள். அனுப்பிய தியேட்டர்காரர்கள் சோம்பேறிகள்; ரீலைத் திருப்பிச் சுற்றாமலே அனுப்புவார்கள். ஆகவே வெளியே தெரியும் நுனிதான் முடிவு என்று எல்லா ரீலுக்கும் அங்கேயே வைத்தாள். அந்தப் பாவிகள் நாலாவது ரீலை மட்டும் ஒழுங்காகச் சுற்றியிருந்தார்கள். மெஷினில் மாட்டும்போதுதான் கவனித்தாள். சுற்றுகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டாளே தவிர, தான் வைத்த பொட்டு முடிவில் விழாமல் தலையில் விழுந்ததை யோசிக்கவில்லை.

அந்த ரீல் ஆரம்பித்ததுமே மூலையில் பொட்டு மின்னியது.

"டேய், உங்கக்கா ஆரம்பத்துலயே முடிச்சுட்டாடா!" பக்கத்தில் இருந்த கூட்டாளி சிரித்தான்.

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் முதலாளி. அவருக்கு மேலே, சின்ன சன்னலில் அக்காவின் முகம் தெரிந்து மறைந்தது. முடிவில் பொட்டு இல்லை; இனி ரீல் கரைவதைப் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான் மாற்ற வேண்டும்.

திரையில் கதாநாயகனின் அம்மா சாகக் கிடந்தாள். அவள் பிழைத்தால் எனக்கென்ன, போனால் எனக்கென்ன? இரண்டாவது மெஷின் உறுமுகிறதா என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன். உறுமியது. கதாநாயகன் கதவைத் திறந்து, "அம்மா..." என்றான்.

வெள்ளை.

பெஞ்சில் ஏறி அலறினேன்: "ஐயோ, எலி! கால கடிச்சிருச்சு!"

தியேட்டரே காலைத் தூக்கிக்கொண்டு தரையைப் பார்த்தது. முதலாளி டார்ச்சை அடித்துக் குனிந்து சீட்டுக்கடியில் தேடினார். எல்லோரும் நிமிர்ந்தபோது திரையில் டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா எலி?"

"போயிடுச்சு சார்."

காலரைப் பிடித்து வெளியே தள்ளினார். "இனிமே இந்தப் பக்கம் தலவெச்சுப் படுக்காத!"

படம் விட்டதும் அக்கா வந்தாள்.

"எந்தக் கால்ல கடிச்சுது?"

"இடது."

"அப்ப ஏன்டா வலது கால நொண்டுற?"

"மெதுவா பேசுக்கா. முதலாளி வாசல்ல நிக்கிறாரு."

அக்கா என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். தெரு திரும்பும்வரை இருவரும் நொண்டினோம்.