போடவா என்று கேட்டுத்தான் போட்டேன்

காமாயி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பொகவந்தலாவை கிளினிக்கில் ஒரு குழந்தையை நிறுத்துக்கொண்டிருந்தேன். "அம்மா காலையில எந்திரிக்கல மிஸ்ஸி" என்றாள் போனில் அவருடைய மகள் செல்வி. அந்தக் குழந்தையின் எடையை எழுத மறந்து, தாயை மறுபடி கூப்பிட்டுக் குழந்தையை நிறுக்க வேண்டியதாயிற்று.

செத்த வீட்டில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் போட்டிருந்த கதிரைகளில் ஒரு பேச்சு ஓடியது. "கொரோனா ஊசி போட்டதுல இருந்தே அவ ஆளு சரியில்ல" என்றார் ஒருவர். "அவளாவா போட்டா? மிஸ்ஸிதான் பேசி மயக்கிப் போட வச்சுச்சு" என்றார் இன்னொருவர். நான் இரண்டு கதிரை தள்ளித்தான் நின்றேன். செத்த வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது மூட மாட்டேன். அக்காவைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அவரைக் கொண்டுபோனது பல வருசத்துச் சீனி வியாதி. கடைசியில் அது இதயத்தில் வந்து நின்றது. ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கி நக்கி, பால் ஊற்றாத சாயத்தண்ணித் தேநீர் குடிப்பார். கத்துவேன். "நீங்க சொல்லிட்டீங்க, நான் கேட்டுக்கிட்டேன். திங்கிறது நான்ல" என்பார். இப்படிப்பட்ட மனுசியை நான் மயக்கினேனாம்.

அந்த வருசம் நடந்ததைச் சொல்கிறேன். நான் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களுக்குக் குடும்ப நல உத்தியோகத்தர், லயங்களில் எல்லோருக்கும் மிஸ்ஸி. ஊசி வருவதற்கு முந்தின வாரம்தான் அக்காவின் லயத்தில் ஒருவர் கொரோனாவில் செத்து, உடலைக்கூடக் கொண்டு வரவில்லை. ஊசி வந்ததும் தோட்டத்தில் ஓர் ஏற்பாடு சொன்னார்கள். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு வரும் பெண்கள் பெயர் கொடுத்த கையோடு வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட வேண்டும். எனக்கும் அது சுலபமாகத்தான் தெரிந்தது. மேசை போட்டேன், பெட்டியைத் திறந்தேன். வரிசையில் முதல் ஆள் காமாயி அக்கா.

"மிஸ்ஸி, பெரட்டுல வேலைக்குத்தான் பேர் குடுப்போம். ஒடம்புக்கு இல்ல" என்றார். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒங்களாலதான் இந்த லயமே சாகப் போகுது" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். "சாவப் பத்தி எங்களுக்குப் படிச்சுக் குடுக்க வேணாம் மிஸ்ஸி."

இன்னொரு சண்டைக்குத் தயாராகத்தான் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பலகையைத் துடைத்து உட்காரச் சொல்லி, சாயத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார். செல்வி பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் ஏதோ கடுதாசியில் அவரிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் வாசித்துக் காட்டவில்லை.

"சத்து ஊசின்னாங்க. முழிச்சுப் பாத்தா வயித்துல தையல். இனி புள்ளையே பொறக்காதுன்னு பண்ணிட்டாங்க."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இன்னொரு புள்ள வேணும்னு எம் புருசனும் நெனைக்கல, நானும் நெனைக்கல. கேட்டிருந்தா நானே சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஏன் மிஸ்ஸி கேக்கல?"

  நானும் லயத்தில் பிறந்தவள்தான். அன்று காலை நானும் கேட்கவில்லையே என்பதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் நான் மேலிடத்தோடு மல்லுக்கட்டினேன். ஊசி பெரட்டுக் களத்தில் வேண்டாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் போடுவோம் என்றேன். வேலை வாங்கும் கங்காணி அங்கே நிற்கக்கூடாது, ஒவ்வொருவருக்கும் கதிரை வேண்டும், எல்லாம் தமிழில் சொல்ல வேண்டும். எல்லாம் முந்தின சாயங்காலம் அக்கா போட்ட நிபந்தனைகள். "உனக்குப் பைத்தியமா, ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுக்கும்" என்றார்கள். இழுத்தது. இழுக்கட்டும் என்று விட்டேன்.

முதல் கதிரையில் அக்காதான் உட்கார்ந்தார். சம்மதப் படிவம் சிங்களத்தில் இருந்தது. வரிக்கு வரி தமிழில் சொன்னேன். காய்ச்சல் வருமா என்று கேட்டார். வரலாம் என்றேன். சீனி வியாதிக்காரி போடலாமா என்றார். டொக்டரைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் வேணாம்னு சொன்னா என்னா செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன் அக்கா. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

 வெளியே நின்ற பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஊசியைக் கையில் பிடித்தபடி, "போடவா?" என்று கேட்டேன்.

"ம். இப்ப போடுங்க."

போட்டு முடித்ததும் அழுதார். கங்காணியையும் தோட்டத்துத் தொரையையும் நேருக்கு நேர் பேசுகிற மனுசி, தேம்பித் தேம்பி அழுதார். ஜன்னலில் நின்றவர்கள் பயந்து, "ரொம்ப வலிக்குதாக்கா?" என்றார்கள்.

"வலியெல்லாம் இல்லடி. கேட்டுட்டுப் போட்டாங்க, அதான்."

அதன் பிறகு வரிசை தானாகச் சேர்ந்தது. ஒரே ஒருத்தி மட்டும் முடியாது என்று போய்விட்டாள். மற்றவர்கள் அவளை ஏசத் தொடங்கியதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அவ ஒடம்பு, அவ பாடு. வாய மூடுங்க எல்லாரும்."

கைநாட்டுக் கதையை எழுதலாமா என்று செல்வியிடம் கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, "எழுதுங்க மிஸ்ஸி, பேர் போட்டே எழுதுங்க" என்றாள். கேட்காமல் எழுதியிருந்தால் அக்கா எழுந்து வந்து சண்டை பிடித்திருப்பார்.

ஆகவே கதிரையில் உட்கார்ந்து பேசியவர்களே, கேளுங்கள். அவர் சம்மதத்தை ஒரு தடவை களவெடுத்தார்கள். பிறகு அவரே யோசித்து, கேள்வி கேட்டு, வாய் திறந்து ஒரு சம்மதம் சொன்னார். அதையும் என் பேரில் எழுதி, செத்த பிறகு அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். விட மாட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு கேள்விதான். எந்த ஊசியானாலும் "போடவா?" என்று கேட்டுவிட்டு நிற்பேன். நேரம் போகிறது என்று கூட வேலை செய்பவர்கள் முணுமுணுப்பார்கள். அடக்கம் முடிந்த வாரம், அதே லயத்துப் பெண் ஒருத்தி குழந்தைக்கு ஊசி போடக் கொண்டு வந்தாள். செத்த வீட்டுப் பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது. கேட்டேன். "இன்னைக்கு வேணாம் மிஸ்ஸி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஊசியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"சரி. உக்காருங்க. என்னா கேக்கணுமோ கேளுங்க."